தொண்டையில் ஓட்டை: ஒரு சின்ன சரித்திரம்

"தொண்டையில ஓட்டை போடணும்னு சொல்லுகாவ மக்ளே. கையெழுத்து கேக்காவ. என்ன செய்ய?"

வளைகுடாவில் பத்து, பதினைந்து வருஷம் இருப்பவர்களுக்கு ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வராமலே இருந்தால் அது அதிர்ஷ்டம். எங்கள் உதியன்குளங்கரை ஆட்கள் நாலு பேர் மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை கூடினால், யாராவது ஒருவர் வீட்டில் இந்தக் கதை நடந்திருக்கும். ரோட்டில் பைக் விழுந்து தலையில் அடி, பக்கவாதம், கட்டுவிரியன் கடி, பூச்சிமருந்து என்று காரணம் மாறும். வென்டிலேட்டரில் பத்து நாள் போனதும் டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்வார்: டிரக்கியாஸ்டமி. உடனே வீட்டில் அழுகை. "அதைப் போட்டா அவ்வளவுதான்லா" என்று ஏதாவது ஒரு மாமா முடிவே சொல்லிவிடுவார்.

அந்த பயம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல் பார்க்கிறவன். இதை வைத்து யாரும் வைத்தியம் பார்க்க வேண்டாம் :-))

முதலில் சமாசாரம் என்ன என்று பார்த்துவிடுவோம். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயில் ஒரு சின்னத் துளை போட்டு ஒரு வளைந்த குழாயைச் செருகுகிறார்கள். அதற்குப் பிறகு காற்று மூக்கு, வாய் வழியாகப் போக வேண்டியதில்லை, நேரே நுரையீரலுக்குப் போய்விடும். குரல் நாண்கள் துளைக்கு மேலே இருக்கின்றன. வெளியே வரும் காற்று அவற்றைத் தொடாமல் குழாய் வழியே போய்விடுவதால் பேச்சு வராது. நாண்கள் அறுந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டு அழுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறுபடவில்லை, காற்றுதான் அந்தப் பக்கம் போகவில்லை.

இது ரிக் வேதத்திலேயே இருக்கிறது, எகிப்து பாப்பிரஸில் இருக்கிறது என்று மருத்துவக் கட்டுரைகளின் முதல் பத்தியில் வழக்கமாக எழுதுவார்கள். ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆபரேஷன் நடந்தது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். 1546-ல் இத்தாலியில் பிரசாவோலா என்ற வைத்தியர் தொண்டையில் சீழ் கட்டி மூச்சுவிட முடியாமல் கிடந்த ஒருவரைக் கழுத்தைக் கீறிப் பிழைக்க வைத்தார். உறுதியான கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அப்புறம் இரண்டரை நூற்றாண்டு கழித்தும் டாக்டர்களுக்கே இதில் கை நடுங்கியது. 1799 டிசம்பர் 14. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை வீங்கி மூச்சுத் திணறிக் கிடக்கிறார். சுற்றி மூன்று டாக்டர்கள். அவர்களில் இளையவரான டிக் கழுத்தில் துளை போட்டுப் பார்க்கலாம் என்கிறார். மற்ற இருவரும் சம்மதிக்கவில்லை. அந்தக் கால வழக்கப்படி லிட்டர் கணக்கில் ரத்தம் மட்டும் எடுத்தார்கள். அன்று இரவே அவர் போய்ச் சேர்ந்தார். துளை போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. எனக்குப் பட்டது வேறு: ஒரு நாட்டின் ஜனாதிபதி வீட்டிலேயே அந்தக் கையெழுத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.

இந்த ஆபரேஷனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும், கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததும் ஒரே வியாதி. தொண்டை அடைப்பான். எங்கள் எல்லைப் பக்கம் மலையாளத்தில் 'தொண்டமுள்ளு' என்பார்கள். குழந்தைகளின் தொண்டையில் ஒரு தோல் மாதிரிப் படலம் வளர்ந்து மூச்சை அடைத்துவிடும். பிரான்சில் துர் நகரத்து டாக்டர் பிரெட்டோனோ, முன்பு செய்ததெல்லாம் பலிக்காமல் போயும் விடாமல், 1825-ல் ஒரு சின்னப் பெண் குழந்தையை இப்படித் துளை போட்டுக் காப்பாற்றினார். அவருடைய சிஷ்யர் துரூசோ பாரிஸில் இருநூறு குழந்தைகளுக்கு மேல் செய்தார். கால் பங்கு பிழைத்தது.

கால் பங்கு! நூறு கடன் கொடுத்து எழுபத்தைந்து வாராக்கடன் ஆனால் என்னை வங்கியில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் துரூசோ அதைப் பெரிய வெற்றியாகத்தான் சொன்னார், சொன்னது சரியும்கூட. செய்யாவிட்டால் அந்த இருநூறில் அநேகம் பேர் அன்றைக்கே போயிருப்பார்கள். கதவு சாத்தப்போகும் நேரத்தில் செய்த ஆபரேஷன் அது. பார்த்துக்கொண்டிருந்த உறவுக்காரர்கள் மனதில் எது பதிந்திருக்கும்? கழுத்தைக் கீறினார்கள், பிள்ளை போய்விட்டது. நான்கில் மூன்று வீட்டில் இதுதான் நினைவு. "போட்டா அவ்வளவுதான்" என்ற பேச்சின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

தொண்டமுள்ளு பிறகு தடுப்பூசியால் அடங்கியது. 1978-க்குப் பிறகு அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் முத்தடுப்பு ஊசி ஊர் ஊராக வந்தது. (அடங்கியதே தவிர ஒழியவில்லை. 2016-ல் மலப்புறத்தில் ஊசி போடாத பிள்ளைகளிடம் திரும்பி வந்து உயிரும் வாங்கியது.)

இங்கே எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்று. உதியன்குளங்கரையிலிருந்து பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் தாண்டிப் போனால் நெய்யூர். 1838-ல் தொடங்கிய லண்டன் மிஷன் வைத்தியப் பணி அங்கேதான் வேர் பிடித்தது. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் 1951-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் தெற்குத் திருவிதாங்கூரில் வயிற்றைக் கிழித்துத் தைக்கிற பெரிய ஆபரேஷன் என்றால் ஜனங்கள் நெய்யூருக்குத்தான் போவார்கள். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய சர்ஜன் சோமர்வெல், பயணம் முடிந்து சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் நெய்யூர் ஆஸ்பத்திரிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை விட்டு அங்கேயே தங்கிவிட்டார். எங்கள் பக்கத்துக் காரக்கோணம் மெடிக்கல் காலேஜ் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் அல்சர் ஆபரேஷன்களைப் பற்றி அந்தப் பகுதிப் பெரியவர்கள் நிறையச் சொல்வார்கள். தொண்டைக் கதையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

1924-ல் நெய்யூரிலிருந்து மறுபடி எவரெஸ்ட் போனார். ஜூன் 4. நார்ட்டனும் அவரும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் 28,000 அடி வரை ஏறிவிட்டார்கள். தொண்டை வலியும் இருமலும் தாங்காமல் சோமர்வெல் அங்கேயே நின்றார், நார்ட்டன் இன்னும் கொஞ்சம் ஏறித் திரும்பினார். இறங்கும்போது சோமர்வெல்லின் தொண்டையில் ஏதோ வந்து அடைத்தது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. முன்னால் போகும் நார்ட்டனைக் கூப்பிடச் சத்தம் எழவில்லை. பனியில் உட்கார்ந்து, முடிந்தது என்று நினைத்திருக்கிறார். கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி ஒரு தள்ளு. அடைத்திருந்தது ரத்தத்தோடு வாய்க்கு வந்தது. குளிரில் வெந்துபோன குரல்வளையின் உள்தோலே உரிந்து அடைத்திருக்கிறது! அதற்குப் பிறகு அவர் திரும்பி வந்து இன்னும் பல வருஷம் நெய்யூரில் கத்தி பிடித்தார். மூச்சுக்குழாய் அடைத்தால் எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் படிக்காமல் தெரிந்துகொண்ட சர்ஜன்.

(அதற்கு முந்தின நாள், 1924 ஜூன் 3, திருக்குவளையில் ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையின் தொண்டைக்குப் பின்னால் வருகிறேன்.)

அதுவரை அடைப்பைத் தாண்டி மூச்சுக்கு வழி விடுவதற்குத்தான் இந்தத் துளை. கதையே மாறியது 1952-ல், டென்மார்க்கின் கோபன்ஹேகனில். இளம்பிள்ளை வாதம் அந்த நகரத்தை வாரிக்கொண்டு போன வருஷம். பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் மூச்சுத் தசை செயலிழந்தவர்களை வைக்க 'இரும்பு நுரையீரல்' என்ற பெட்டி ஒன்றே ஒன்று, அதன் சின்ன வகையில் ஆறு. முதல் மூன்று வாரத்தில் மூச்சுக்கருவி வைத்த 31 பேரில் 27 பேர் செத்துப் போனார்கள். இப்சென் என்ற மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டார்கள். ஆகஸ்ட் 27. விவி என்ற பன்னிரண்டு வயதுப் பெண், கைகால் விளங்காமல், சொந்தச் சளியிலேயே மூழ்கிக்கொண்டிருக்கிறாள். அவள் கழுத்தில் துளை போட்டு, பலூன் வைத்த குழாயைச் செருகி, ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குள் காற்றை அனுப்பினார் இப்சென். பிழைத்தாள்.

மெஷின் இல்லையே, மற்றவர்களுக்கு என்ன செய்வது? மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 பேர் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு, மாதக்கணக்கில், இரவு பகலாகப் பையை அமுக்கினார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த சாவு பாதிக்கும் கீழே வந்தது. இன்று நாம் ஐ.சி.யூ. என்று சொல்லும் அறை பிறந்தது அங்கேதான். எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். துளை போட்டது ஒரு டாக்டர், அரை மணி நேர வேலை. உயிரைப் பிடித்து வைத்தது அதற்குப் பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெயர் தெரியாத பிள்ளைகள்.

கோபன்ஹேகனுக்குப் பிறகு துளையின் அர்த்தம் வேறு. சாகிற நேரத்து அவசரம் இல்லை. வாய் வழியாகப் போட்ட குழாயை வாரக்கணக்கில் வைத்தால் தொண்டை புண்ணாகும், நோயாளியை மயக்கத்திலேயே வைக்க வேண்டியிருக்கும். கழுத்துக்கு மாற்றினால் மயக்க மருந்தைக் குறைக்கலாம், சளியை எடுக்கலாம், வென்டிலேட்டரை மெல்ல மெல்லக் கழற்றிப் பார்க்கலாம். வெட்டும் முறையை அதற்கு முன்பே, 1909 முதல், அமெரிக்க டாக்டர் ஷெவாலியர் ஜாக்சன் ஒழுங்குபடுத்தியிருந்தார். 1985-ல் சாலியா என்பவர் ஊசியும் கம்பியும் வைத்துப் படுக்கையிலேயே துளையை விரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இருந்தாலும் கழுத்து குட்டை, உடம்பு கனம், ரத்தம் உறையாத பிரச்சினை என்றால் இன்றும் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கத்தி வைத்துச் செய்வதையே பலரும் விரும்புகிறார்கள்.

ஆனால் ஊரில் இந்த வார்த்தை டீக்கடை வரை வந்தது 2016-ல்தான்.

முதலமைச்சர் ஜெயலலிதா சென்னை அப்போலோவில் செப்டம்பர் 22-ம் தேதி சேர்க்கப்பட்டார். அக்டோபர் 7-ல் டிரக்கியாஸ்டமி. மூன்று வாரம் கழித்து இடைத்தேர்தல் வேட்பாளருக்கான படிவங்களில் அவர் கையெழுத்துக்குப் பதில் இடது கைப் பெருவிரல் ரேகை. அண்மையில் டிரக்கியாஸ்டமி ஆகியிருக்கிறது, வலது கையில் வீக்கம் இருக்கிறது, அதனால் கையெழுத்து போட முடியவில்லை என்று ஒரு அரசு டாக்டர் சான்று எழுதியிருந்தார். மற்றவர்கள் அரசியல் பேசினார்கள். நான் ரேகையைத்தான் பார்த்தேன். படுக்கையில் கிடக்கும் வாடிக்கையாளரிடம் ரேகை வாங்கினால் இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது இந்திய வங்கிகளின் விதி. நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, சம்மதிக்கிறாரா என்று கண்ணைப் பார்த்து உறுதி செய்யும் அந்த அரை நிமிடம் சாதாரண அரை நிமிடம் இல்லை. பேச்சு போன ஒருவரின் சம்மதத்தை எப்படி வாங்குவது என்ற கேள்வி ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் பொதுவானது.

நவம்பரில், குழாயில் ஒரு வால்வு பொருத்தி அவர் சில நிமிடங்கள் பேசுகிறார் என்று ஆஸ்பத்திரி சொன்னது. மூச்சை இழுக்கும்போது திறந்து, விடும்போது மூடிக்கொள்ளும் வால்வு அது. காற்று வேறு வழியில்லாமல் மேலே குரல் நாண்கள் வழியாகப் போகும், சத்தம் வரும். 1980-களில் இந்த வகை வால்வு ஒன்றை உருவாக்கிய டேவிட் மியூர் டாக்டர் இல்லை. தசைச் சிதைவு நோயால் தானே கழுத்தில் குழாயோடு இருந்த இளைஞர், தன் குரல் வேண்டும் என்று யோசித்துச் செய்தது. டிசம்பர் 4-ல் ஜெயலலிதாவுக்கு இதயம் நின்றது, மறுநாள் இரவு மரணம். அதைச் சுற்றி எழுந்த கேள்விகளும் விசாரணைக் கமிஷனும் இந்தப் பதிவின் வேலை இல்லை.

அவர் இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 15-ல் தொண்டை, நுரையீரல் தொற்றோடு கருணாநிதி காவேரி ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்க்கப்படுகிறார். வயது 92. அவருக்கும் டிரக்கியாஸ்டமி. தமிழ்நாடே "ஐயோ" என்றது. 23-ம் தேதி அவர் வீட்டுக்குப் போய்விட்டார்! மேடைப் பேச்சே மூலதனமாக வாழ்ந்த மனிதருக்குக் குரல் போனது, அது உண்மை. ஆனால் கோபாலபுரம் வீட்டில் இருந்தார், வந்தவர்களை அடையாளம் கண்டார், 2017 அக்டோபரில் முரசொலி அலுவலகத்துக்குப் போய் வந்தார். 2018 ஜூலை 18-ல் குழாயை மாற்றினார்கள். ஆகஸ்ட் 7-ல் 94 வயதில் காலமானார். துளை போட்ட பிறகு ஏறக்குறைய இருபது மாதம்.

ஒரே நகரம், பத்து வார இடைவெளி, ஒரே ஆபரேஷன். ஒருவர் இரண்டு மாதம், இன்னொருவர் இருபது மாதம். வயதில் மூத்தவர்தான் கூட நாள் இருந்தார். வித்தியாசம் துளையில் இல்லை, அதற்குப் பின்னால் இருந்த வியாதியில் இருந்தது.

இரண்டு பேரை வைத்துக் கணக்கு சொல்லக்கூடாது என்பது வங்கிக்காரனுக்குத் தெரியும். பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் ஐ.சி.யூ. நோயாளிகள் 909 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நாலு நாளைக்குள் டிரக்கியாஸ்டமி. மறு பாதிக்குப் பத்து நாள் பொறுத்து, அப்போதும் தேவைப்பட்டால் மட்டும். 2013-ல் முடிவு வெளியானது. ஒரு மாதத்தில் இறந்தவர்கள் முதல் பாதியில் நூற்றுக்கு 30.8, மறு பாதியில் 31.5. வித்தியாசமே இல்லை. இதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு: பொறுத்துப் பார்த்த பாதியில் 45 சதவீதம் பேருக்குத்தான் கடைசியில் துளை போட்டார்கள். மீதிப் பேரில் ஒரு பகுதி அதற்குள் தேறினார்கள், ஒரு பகுதி இறந்தார்கள். ஆகவே டாக்டர் "ரெண்டு நாள் பார்ப்போம்" என்றால் அலட்சியம் என்று சண்டை போட வேண்டாம். "போட்டுவிடலாம்" என்றால் கைவிட்டுவிட்டார் என்றும் அர்த்தமில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பாதியிலும் பாதிப் பேருக்கு மேல் உயிரோடு இல்லை. துளை மூச்சுக்கு வழி விடும். நுரையீரலையோ மூளையையோ அது சரி செய்யாது. அதனால் போனில் கேட்க வேண்டிய கேள்வி "ஓட்டை போடலாமா" என்பது இல்லை. "இந்த வியாதி திரும்புகிற வியாதியா?" என்பதுதான். திரும்பாது என்று டாக்டரே சொன்னால், வேண்டாம் என்று சொல்லவும் குடும்பத்துக்கு உரிமை இருக்கிறது. அதில் பாவம் ஒன்றும் இல்லை.

எங்கள் சித்தப்பாவுக்கு 2019-ல் வந்தது திரும்புகிற வகை. காலில் தொடங்கி மேலே ஏறி மூச்சுத் தசை வரை செயலிழக்கச் செய்யும் கில்லன்-பாரே நோய். பன்னிரண்டாம் நாள் கையெழுத்து கேட்டார்கள். சித்தி மாட்டேன் என்றார். "ஜெயலலிதாவுக்கே பலிக்கல்ல" என்றார். மேலே எழுதியதில் பாதியை நான் மஸ்கட்டிலிருந்து போனில் சொன்னது அன்றைக்குத்தான். கோபன்ஹேகன் எல்லாம் சித்திக்கு எடுபடவில்லை. கருணாநிதி பிறந்தநாள் படம் எடுபட்டது. ஏழு வாரம் குழாய் இருந்தது. வால்வு வைத்த அன்று சித்தப்பாவின் முதல் பேச்சு, ரப்பர் ஷீட்டுக்கு என்ன விலை போகிறது என்பதுதான். இப்போது கழுத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தழும்பு, அவ்வளவே.

ஆனால் அந்த ஏழு வாரத்தில் மூன்று வாரம் வீட்டில். அதைப் பற்றி யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. உள்குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டும். சளி காய்ந்து அடைத்தால் நிமிஷத்தில் ஆபத்து, எனவே சக்‌ஷன் மெஷின் பக்கத்தில் வேண்டும், கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து வைக்க வேண்டும். காற்றுக்கு ஈரப்பதம் வேண்டும். குழாய் நழுவினால் யாரைக் கூப்பிடுவது என்று எண் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். இரவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். பணம் அனுப்புகிற நம்மைப் போன்றவர்கள் கையெழுத்துக்குச் சரி சொல்லும்போது இந்த இரவு ஆள் யார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். பல வீட்டில் அது அறுபது வயது அம்மாவாகவோ, கைக்குழந்தையோடு இருக்கும் அண்ணியாகவோ இருக்கும். அவர்களை யாரும் கேட்பதில்லை.

இதில் எங்கள் எல்லைக்காரர்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம். 1956 நவம்பர் 1-ல் கோடு கிழித்தபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் போயின. கேரளம் 2008-ல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென்றே கொள்கை அறிவித்து, பஞ்சாயத்து மூலம் நர்ஸை வீட்டுக்கே அனுப்புகிறது. புற்றுநோய்க்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், படுத்த படுக்கையாகக் கிடக்கும் யாருக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் வீட்டுக்கு வருகிறார்கள். எங்கள் வார்டுக்கு வந்த நர்ஸ் சித்திக்குச் சக்‌ஷன் போடச் சொல்லிக் கொடுத்தார். முதல் தடவை சித்தி கண்ணை மூடிக்கொண்டார். நாலாம் நாள் நர்ஸ் வருவதற்கு முன்பே முடித்துவிட்டு, டிரேயைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.